ஐந்து இடம், ஒரு மணிக்கட்டு

எங்கள் வீட்டில் மேல்வேலை செய்யும் அக்காவுக்கு 51 வயது. எட்டு ஆண்டுகளாக வருகிறார். சென்ற ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வேலை பார்க்கும் வேறொரு வீட்டின் குளியலறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அடுத்த பத்து வாரங்களில் யார் அவருக்கு என்ன கொடுத்தார்கள், அவர் கையிலிருந்த அட்டைகளில் எது உதவியது, எது உதவவில்லை, ஏன் உதவவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத அவர் சம்மதித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பெயர் தெரிந்தால் அந்தக் குடியிருப்பில் இனி வேறு வீடு கிடைக்காது என்பது அவர் கவலை.

அவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஐந்து பேரில் நானும் ஒருத்தி. ஆகவே இதை வெளியே நின்று எழுதுவதாகப் பாவனை செய்ய முடியாது.

ஒரு நாள்

அக்கா இருப்பது சென்னையின் தெற்கு ஓரத்தில் உள்ள பெரும்பாக்கத்தில். அதற்கு முன்னால் அடையாற்றுக் கரையில் இருந்தார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பலவற்றை ஊருக்கு வெளியே குடியமர்த்தியபோது அவருக்கும் அங்கே வீடு கிடைத்தது. வீடு இடம் மாறியது, வேலை மாறவில்லை. முன்பு நடந்து வந்த இடத்துக்கு இப்போது விடியற்காலை ஐந்தேகால் பஸ். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் காசு மிச்சம். நேரம் போனது போனதுதான்.

முதல் வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்க ஒன்றேகால் மணி நேரம், 2,500 ரூபாய். இரண்டாவது வீட்டில் வயதான தம்பதி. காய் நறுக்குவது முதல் துணி காயப்போடுவது வரை இரண்டு மணி நேரம், 4,500. மூன்றாவது எங்கள் வீடு, ஒன்றேகால் மணி நேரம், 2,500. நான்காவது ஓர் ஆடிட்டர் அலுவலகம், முக்கால் மணி நேரம், 2,000. ஐந்தாவது, வாசலில் காவலர் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. மூன்று குளியலறைகள் உள்பட ஒன்றரை மணி நேரம், 3,000.

எல்லாம் சேர்த்தால் மாதம் 14,500 ரூபாய், நாளுக்கு ஆறேமுக்கால் மணி நேர வேலை. வீட்டுக்கு வீடு நடப்பதையும் பஸ்ஸில் நிற்பதையும் இதில் சேர்க்கவில்லை. எங்கள் ஐந்து பேரில் யாரைக் கேட்டாலும் "அவர் பகுதிநேரமாக வருகிறார்" என்றுதான் சொல்வோம். ஐந்து பேர் சொல்வதும் உண்மைதான். சேர்த்துப் பார்த்தால் அவர் முழுநேரத் தொழிலாளி. அந்தக் கூட்டலைப் போட வேண்டிய பொறுப்பு எங்கள் யாருக்கும் இல்லை.

கட்டு

விழுந்ததும் அந்த வீட்டு அம்மா தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பினார். "பார்த்துச் செய்ய வேண்டாமா" என்று ஒரு வார்த்தையும் சொன்னாராம். அக்கா அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆட்டோ மருத்துவமனைக்குப் போகவில்லை, வழியில் இருந்த ஒரு புத்தூர் கட்டு போடும் இடத்துக்குப் போனது. ஏன் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பொழுது போய்விடும் அம்மா. கட்டுப் போட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன்." அவரைப் பொறுத்தவரை வைத்தியம் என்பது எந்த நாளில் வேலைக்குத் திரும்பலாம் என்ற கேள்விக்கான பதில். இலவசமா கட்டணமா என்பது அதற்குப் பிறகுதான்.

திங்கட்கிழமை விரல்கள் வீங்கி நீலம் பாரித்தன. அன்றுதான் அரசு மருத்துவமனைக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்து, எலும்பை நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. இந்த வேலையைச் செய்யாதவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். தரை துடைக்கும் துணியை ஒரு வீட்டுக்கு எட்டுப் பத்து முறை பிழிய வேண்டும். பிழியும்போது இரண்டு மணிக்கட்டுகளும் எதிரெதிராகத் திருக வேண்டும். வலது கை பாதித் திருகலில் நின்றுவிடும். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து புடவையில் இறங்கும். கைக்கு அசைவுப் பயிற்சி எடுக்கச் சொல்லித் தினமும் காலையில் வரச் சொன்னார்கள். காலைதான் அவருடைய சம்பாத்தியம். நான்கு நாள் போனார். அதற்குப் பிறகு வீட்டிலேயே ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார்.

பழைய பலத்தில் பாதியாவது திரும்பி, வேலைக்கு வந்தது பத்தாவது வாரக் கடைசியில்.

பத்து வாரக் கணக்கு

வழக்கம்போல வேலை நடந்திருந்தால் இரண்டரை மாதத்துக்கு 36,250 ரூபாய் வந்திருக்கும். நடந்தது இது.

முதல் வீடு ஒன்றும் தரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டது. வயதான தம்பதி முழுச் சம்பளத்தையும் கொடுத்தார்கள், 11,250. பெரியவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். "எனக்கு மருத்துவ விடுப்பு இருந்தது, உனக்கும் இருக்கட்டும்" என்று சொன்னாராம். ஐந்தாவது வீடு 3,000 ரூபாயைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்தது.

எங்கள் வீடும் ஆடிட்டர் அலுவலகமும் சேர்ந்து 11,250 ரூபாய் கொடுத்தோம். நானும் சில நாள் அதை நினைத்துத் திருப்தியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பத்து வாரமும் இரண்டு இடங்களிலும் வேலை செய்தது அக்காவின் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலையில் எங்கள் வீடு, பிறகு அலுவலகம், அதற்குப் பிறகு வகுப்பு. நான் கொடுத்தது விடுப்புச் சம்பளம் அல்ல. மகளின் கூலி. அவளுக்கு முதல் இரண்டு வகுப்புகள் தினமும் போயின. பருவ முடிவில் வருகை குறைந்ததற்கு அபராதம் கட்டித்தான் தேர்வு எழுதினாள். அந்த அபராதம் எங்கள் ஐந்து பேர் கணக்கிலும் வராது.

ஆக, மேலோட்டமாகப் பார்த்தால் இழப்பு 10,750 ரூபாய். மகளின் உழைப்பைத் தனியே வைத்துப் பார்த்தால், வேலை வாங்காமல் அக்காவுக்குக் கிடைத்தது 14,250 மட்டும். மீதி 22,000 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை. இடையில் 15,000 ரூபாயை நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாதம் 750 ரூபாய் வட்டி. குழுக் கடன் ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது, அதன் வாரத் தவணைக்கு மாவுக்கட்டு தெரியாது.

பிளாஸ்டிக் உறையில் இருந்தவை

அக்காவிடம் அட்டைகள் இல்லாமல் இல்லை. ஒரு மஞ்சள் துணிப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்.

ஒன்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நல்ல திட்டம்தான். இதய அறுவையும் புற்றுநோய் சிகிச்சையும் இந்த அட்டையால் சாத்தியமான குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அது மருத்துவமனைக்குப் பணம் கட்டும் அட்டை, படுத்துக் கிடப்பவரின் அடுப்புக்கு அல்ல. அக்காவுக்கு மருத்துவமனையில் செலவே ஆகவில்லை. செலவானதெல்லாம் வீட்டில். போகிற போக்கில் ஒன்று: இந்த அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. ஐந்து இடத்துச் சம்பளத்தையும் கூட்டினால் அக்காவின் வருமானம் 1,74,000. அவர் அட்டைக்குக் கொடுத்த வருமானச் சான்றிதழில் இருப்பது 72,000. உதவி தர வேண்டிய இடத்தில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் கூட்டாமல் இருப்பதே அவருக்கு நல்லது.

இரண்டாவது, வீட்டுப் பணியாளர் நல வாரிய அட்டையின் நகல். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி வாரியம் வந்தது. பல மாநிலங்கள் இதை இன்னும் யோசிக்கவே இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கா ஒரு சங்கத்தின் மூலம் பதிந்திருந்தார். அசல் அட்டை 2015 வெள்ளத்தோடு போனது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியதை அதற்குப் பிறகு செய்யவில்லை. செய்திருந்தாலும் இந்த நிகழ்வில் பயனில்லை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண்ணாடி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம், மரணம், விபத்தில் உறுப்பு இழப்பு ஆகியவற்றுக்கு வாரியம் உதவுகிறது. கை போனால் பணம் உண்டு. உடைந்து, கூடிவிட்ட கைக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, இ-ஷ்ரம் அட்டை, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு அட்டை. பதிந்ததற்கு அத்தாட்சி என்பதைத் தாண்டி இந்தப் பத்து வாரத்தில் அது எதற்கும் வெளியே வரவில்லை.

சர்க்கரை மாத்திரை மட்டும் தவறாமல் வீடு தேடி வந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கமாக அக்கா வீட்டில் இருக்க மாட்டார் என்பதால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாராம். கை உடைந்த பிறகுதான் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் அரைநாள் வேலைதான் செய்கிறார். ஊதியம் என்ற பெயர்கூட இல்லை, ஊக்கத்தொகை.

பக்கத்து வீட்டில் இருந்த அட்டை

மாத்திரையை வாங்கி வைக்கும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவன வளாகத்தில் துப்புரவுப் பணி செய்கிறார். ஒப்பந்ததாரர் மூலம் வேலை. எட்டு மணி நேரம், மாதம் 12,500 ரூபாய். செய்யும் வேலை அக்கா செய்வதேதான்: பெருக்குவது, துடைப்பது, கழிப்பறை கழுவுவது. அவருக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, உண்டு.

1948ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது அது. இன்றைய விதிப்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிப்பது ஏறத்தாழ 94 ரூபாய். அவருக்கு அதே ஆண்டில் கர்ப்பப்பை அறுவை நடந்தது. ஆறு வாரம் ஓய்வு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருந்ததால் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைத்தது. ஆண்டுக்கு 91 நாள் வரை இப்படிப் பெறலாம். இடையில் ஒப்பந்ததாரர் மாறி, புது ஆள் இவருக்கு இன்னொரு காப்பீட்டு எண் போட்டுவிட்டதால் பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அவரும் வட்டிக்குத்தான் வாங்கினார். ஈஎஸ்ஐ இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாமதமாக வந்த பணம் கடனை அடைத்தது. அக்காவின் கடன் அடையாமல் இருக்கிறது.

அக்காவுக்கு ஈஎஸ்ஐ இருந்திருந்தால் கணக்கு இன்னும் வேறு. வேலை செய்யும்போது ஏற்பட்ட காயம் என்பதால் இதற்கு 78 நாள் நிபந்தனைகூடக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும், குணமாகும்வரை கூலியில் 90 சதவீதம். 14,500 ரூபாய்க்கு மாதம் 13,050. இரண்டரை மாதத்துக்கு 32,625.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரி செய்துகொள்ள வேண்டியிருந்தது. பகுதிநேரம் என்பதால்தான் ஈஎஸ்ஐ இல்லை என்று நானே நினைத்திருந்தேன். அப்படி அல்ல. பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் தினம் ஒரு மணி நேரம் பெருக்க வருகிறவரும் தொழிலாளிதான், அவருக்கும் ஈஎஸ்ஐ கட்ட வேண்டும். தடை நேரத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலையாக, கடையாக, நிறுவனமாக இருக்க வேண்டும். பத்துப் பேராவது இருக்க வேண்டும். வீடு அந்தக் கணக்கில் வராது. அக்கா போகும் ஆடிட்டர் அலுவலகத்தில் அவரையும் சேர்த்து ஏழு பேர். இன்னும் மூன்று பேர் அங்கே இருந்திருந்தால், அந்த 2,000 ரூபாய்ச் சம்பளத்தின் மூலம் அவரும் மகளும் ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குள் போயிருக்கலாம். பணம் என்று பார்த்தால் அந்த 2,000க்கான பங்கு மட்டும்தான் வந்திருக்கும், அதுவும் நோய்க்கால உதவியாக. விழுந்தது வேறு இடத்தில் அல்லவா.

பிறகு ஏன் அக்கா அந்தத் துப்புரவு வேலைக்கே போகவில்லை? கேட்டேன். சிரித்தார். எட்டு மணி நேரம் நின்றால் 12,500, ஆறேமுக்கால் மணி நேரத்துக்கு 14,500. மகள் வீடு திரும்பும் முன் தானும் போய்விடலாம். தீபாவளிக்கு ஐந்து இடத்தில் போனஸ். அவசரத்துக்கு யாராவது ஒருவர் முன்பணம் தருவார். "அங்கே மேஸ்திரியிடம் முன்பணம் கேட்க முடியுமா?" இதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். நல்ல நாளைக்கு அவர் போட்டது சரியான கணக்கு.

97 ரூபாய் 50 காசு

வீட்டு வேலைக்கும் இப்படிக் காப்பீடு வேண்டும் என்றால், இத்தனை முதலாளிகளிடம் யார் போய்ப் பணம் வசூலிப்பது, யார் மணி நேரத்தை எண்ணுவது என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் தடை. அக்கா விழுந்த அந்தக் குடியிருப்பின் வாசலில் காவலரிடம் ஒரு செயலி இருக்கிறது. வேலைக்கு வரும் பெண் தன் எண்ணைச் சொன்னதும் அவர் எந்த வீட்டுக்கு வந்தார், எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்பது நிமிடக் கணக்கில் வீட்டுக்காரரின் கைபேசிக்குப் போய்விடும். எத்தனை நாள் வரவில்லை என்பதும் மாதக் கடைசியில் சிவப்பில் தெரியும். சம்பளம் பிடிக்க எண்ண முடிகிற நேரத்தைக் காப்பீட்டுக்கு எண்ண முடியாது என்றால் நம்புவது கடினம். அரசே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை 2018இல் மணிக் கணக்கில்தான் நிர்ணயித்தது.

வசூலுக்கும் முன்மாதிரி உண்டு. மும்பைச் சந்தைகளில் மூட்டை தூக்குகிற மாத்தாடித் தொழிலாளி ஒரே நாளில் பல வியாபாரிகளின் சரக்கைச் சுமப்பவர். எந்த வியாபாரியும் அவருக்கு முழு முதலாளி அல்ல. மகாராஷ்டிரம் 1969இல் அதற்கொரு சட்டம் போட்டது. வியாபாரிகள் கூலியையும், அதற்கு மேல் வாரியம் நிர்ணயிக்கும் சதவீதத் தொகையையும் வாரியத்தில் கட்டுவார்கள். கூலியைப் பட்டுவாடா செய்வதோடு வைப்புநிதி, பணிக்கொடை, மருத்துவம் எல்லாவற்றையும் வாரியமே பார்த்துக்கொள்ளும். கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996இல் வந்த மத்தியச் சட்டமும் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கட்டடம் கட்டுபவரிடமிருந்து வாங்க வழி செய்தது. நம் வீட்டுப் பணியாளர் வாரியத்தில் குறைவது இதுதான்: வீட்டுக்காரரான என்னிடமிருந்து அதற்கு ஒரு ரூபாய் போவதில்லை.

பிரான்சில் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர், எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று மாதாமாதம் ஓர் அரசு அமைப்புக்குத் தெரிவித்துவிட்டால் போதும். பங்களிப்பை அவர்களே கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை வீடானாலும் எல்லாம் அந்தத் தொழிலாளியின் ஒரே கணக்கில் சேர்கின்றன. மூன்று மாதத்தில் 150 மணி நேரம் வேலை செய்திருந்தால் நோய்க்கால உதவித்தொகைக்குத் தகுதி. அக்காவின் ஆறேமுக்கால் மணி நேரத்தை மாதம் 26 நாளுக்குப் பெருக்கிப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு 526 மணி நேரம்.

நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு ஈஎஸ்ஐ வழியாகத் திட்டம் வகுக்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. வகுக்கலாம் என்றுதான் இருக்கிறது, வகுக்க வேண்டும் என்று இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைக்கு இந்தியா வாக்களித்தது, ஆனால் ஏற்று உறுதி செய்யவில்லை.

ஈஎஸ்ஐ விகிதத்திலேயே வைத்துக்கொண்டால், அக்கா விழுந்த வீடு அவருக்காகக் கட்ட வேண்டியிருந்திருக்கும் தொகை மாதம் 97 ரூபாய் 50 காசு. எங்கள் வீடு 81 ரூபாய் 25 காசு. நாங்கள் தண்ணீர் கேனுக்குக் கொடுப்பது இதைவிட அதிகம்.

இப்போது

அக்கா வருகிறார். முதல் வீடும் ஐந்தாவது வீடும் திரும்பக் கிடைக்கவில்லை. புதிதாக ஒரு வீடு பிடித்திருக்கிறார், 2,000 ரூபாய். மொத்தம் 11,000. துணி பிழிய முடியாததால் எங்கள் வீட்டுக்குச் சுழற்றிப் பிழியும் வாளியோடு ஒரு மாப் வாங்கினோம். அது தரையின் ஓரங்களில் சரியாகத் துடைக்காது என்று அவருக்குக் குறை.

ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு, கூடுதலாக எவ்வளவு நாள் ஆனாலும் பாதிச் சம்பளம், மகளை அனுப்பத் தேவையில்லை என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். வாங்கி, மஞ்சள் பையில் வைக்காமல், திருப்பி என் மேசைமேலேயே வைத்தார். "லீவாக வேண்டாம் அம்மா. லீவு போட்டால் மற்ற வீடுகளில் பிடிப்பார்கள், உங்கள் வீட்டில் மட்டும் லீவு வைத்து நான் என்ன செய்வது? அந்தப் பன்னிரண்டு நாள் சம்பளத்தைத் தீபாவளிக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், வட்டிக்காரருக்குக் கொடுத்துவிடுகிறேன்."

தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. எதைச் செய்வது என்று நான் முடிவு செய்யவில்லை.